வீட்டுக்கு ஒரு கார் – 9: முன்னவரின் வலது கால்

கோவையிலிருந்து ஒரு வாசகர் கடிதம். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், பாதி நாள் இவரோடும் பாதி நாள் ஊரிலும் இருக்கும் அம்மா. எஸ்.யு.வி. வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார். “ஓட்டுறப்போ கொஞ்சம் உற்சாகம் வேணும் சார். ஆனா பின்சீட்டுல அம்மாவுக்கு இடுப்பு வலிக்கக் கூடாது. கையில 14 லட்சம். புதுசுல ஒரு லிட்டர் இன்ஜின் எடுக்கவா, பழசுல ஒன்றரை லிட்டர் டர்போ எடுக்கவா?” என்று கேட்கிறார்.

போன வாரத்தோடு ஹேட்ச்பேக்கை முடித்துவிட்டோம். செடானுக்குள் நுழைய இந்தக் கேள்வியே போதும்.

ஊரே எஸ்.யு.வி. பின்னால் ஓடுவதால் செடான் கடையில் கூட்டமில்லை. பேரம் பேச வசதிதான். ஆனால் சரக்கும் குறைந்துவிட்டது. மாருதி 2025-ல் சியாஸை நிறுத்திவிட்டது. இந்த அளவில் மிச்சம் ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா. கடைசி இரண்டும் புனே பக்கம் சாகன் தொழிற்சாலையில், ஒரே அடித்தளத்தில், அதே இன்ஜின்களோடு தயாராகிறவை, முகம்தான் வேறு. வெர்னா நம்மூர்க்காரர், இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் ரேஸ் டிராக் இருப்பதும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் என்பது தற்செயல். எனக்குப் பிடித்த தற்செயல்.

ஸ்போர்ட்டி என்று விளம்பரத்தில் வந்தால், சிவப்பு நூல் தைத்த சீட்டும் கறுப்பு ஸ்பாய்லரும் கண்ணில் படும். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். பார்க்க வேண்டியது இழுவை எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதை. சிட்டியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 121 பி.எஸ். சக்தி தரும், 145 என்.எம். டார்க். அந்த டார்க் முழுசாகக் கிடைப்பது 4,300 ஆர்.பி.எம்-மில். விர்டஸ், ஸ்லாவியாவின் 1.5 டர்போ 150 பி.எஸ்., 250 என்.எம்.; அது 1,600-லேயே வந்துவிடுகிறது. வெர்னா டர்போ 160 பி.எஸ்., 253 என்.எம்., 1,500-லிருந்து. இதற்கு விக்கிரவாண்டி – தஞ்சாவூர் சாலையின் இருவழிப் பகுதியில் என்ன அர்த்தம் என்றால், முன்னால் போகும் கரும்பு லாரியைத் தாண்ட சிட்டிக்காரர் இரண்டு கியர் இறக்கி, இன்ஜின் அலற, எதிரே வரும் பஸ்ஸைக் கண்ணால் அளந்துகொண்டே போக வேண்டும். டர்போக்காரர் லேசாக மிதித்தால் போதும். எதிர்த் தடத்தில் நாம் நிற்கும் நேரம் குறைகிறது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு டர்போவால் ஆகும் நிஜமான லாபம் இதுதான். சிக்னலில் பக்கத்து வண்டியை முந்துவது அல்ல.

சிட்டியைக் குறை சொல்லவில்லை. டர்போ இல்லாத இன்ஜின் என்பதால் அதில் கெட்டுப்போக இருப்பது குறைவு, பின்சீட்டும் விசாலம். 2000-களின் தொடக்கத்தில் வந்த சிட்டி வீடெக் வண்டிக்காக இன்றைக்கும் உயிரை விடுகிற ரசிகர்கள் சென்னையில் உண்டு. அவர்கள் இந்தத் தொடரைப் படிக்க வேண்டியதில்லை.

இப்போது கணக்கு. நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள இந்த செடான்களுக்கு, 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதற்கு முன் செஸ்ஸும் சேர்ந்து 45. அந்தச் சந்தோஷத்தோடு ஷோரூமுக்குப் போனால், அடுத்த வரியில் தமிழக அரசின் ஆயுள் வரி நிற்கும். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம்; 10-ஐத் தாண்டி 20 வரை 18 சதவீதம்; அதற்கு மேல் 20. கோவை வாசகரின் 14 லட்சத்தில் புதுசு என்றால் ஷோரூம் விலை பதினொன்றரைக்கு மேல் போக முடியாது. வரி மட்டுமே 2 லட்சத்து 7 ஆயிரம் ஆகிவிடும், இன்சூரன்ஸ் தனி. அந்தப் பணத்துக்குக் கிடைப்பது ஒரு லிட்டர் இன்ஜினில் கீழ் வேரியன்ட்.

பழசில் இந்த வரி இல்லை. தமிழ்நாட்டில் பதிவான காருக்கு ஆயுள் வரியை முதல் ஓனர் கட்டிவிட்டார். நீங்கள் மறுபடி கட்ட வேண்டாம். 17 லட்சம் ஷோரூம் விலையுள்ள டர்போவை 2023 நவம்பர் உயர்வுக்குப் பின் எடுத்தவர் கட்டியிருப்பார் 3 லட்சத்துக்கு மேல். இரண்டாம் கை வாங்கும்போது பலரும் கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள், இதை மறந்துவிடுகிறார்கள். விலை பேச ஒரு அளவுகோல் வேண்டுமென்றால் இன்சூரன்ஸ்காரர்களின் தேய்மான அட்டவணை இருக்கிறது: இரண்டு வருஷம் தாண்டி மூன்றுக்குள் இருக்கும் வண்டிக்கு 30 சதவீதம் கழிவு, மூன்று தாண்டினால் 40. அந்த 17 லட்சம் வண்டி 30 கழித்தால் 11 லட்சத்து 90 ஆயிரம். அதற்கு மேல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். வரி கட்டிய வண்டி, டிமாண்டான மாடல் என்று புரோக்கர் ஒன்றிரண்டு ஏற்றுவார், அது நியாயம்தான். புதுசின் விலையைத் தொட்டுவிட்டுப் பேசினால் எழுந்து வந்துவிடலாம்.

டெல்லிப் பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். அங்கே டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம் என்று கெடு விதித்ததால் வண்டிகள் தெற்கே இறங்குவது பழைய கதை. என்.ஓ.சி., மறுபதிவு, இங்கே வயதுக்கேற்ற வரி என்று எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மலிவு கரைந்துவிடும். விடுங்கள்.

ஆக, கணக்கு பழசின் பக்கம் சாய்கிறது. ஆனால் சாதாரணக் குடும்ப செடானைப் பழசாக வாங்குவதும், வேகமான செடானைப் பழசாக வாங்குவதும் ஒன்றல்ல. முன்னதில் வண்டியை வாங்குகிறோம். பின்னதில், அதை இவ்வளவு நாள் ஓட்டியவரின் வலது காலையும் சேர்த்து வாங்குகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார். டர்போ வண்டிகள் என்றால் அவரைத்தான் கூட்டிப்போவேன். சென்னையில் ஒரு யார்டில் வெள்ளை நிற 1.5 நின்றது. புரோக்கர் தம்பி வழக்கமான பல்லவியைத் தொடங்கினார்.

“டாக்டர் வண்டி சார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடுச்சு.”

பாய் முதலில் பானட்டின் மேல் கையை வைத்தார். சூடு. “நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஏன் தம்பி ஸ்டார்ட் பண்ணி வெச்சீங்க?” என்றார். ஒரு ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினைக் காலையில் முதன்முதலாகத் திருகும்போதுதான் அதன் குணம் தெரியும். பின்னால் சைலன்சர் வாயில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போவின் சீல் போயிருக்கலாம். சூடான இன்ஜினில் இதெல்லாம் மறைந்துவிடும். அதனால் வண்டி பார்க்கப் போகும் முன் போனில் சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை சாவி போடாதீர்கள்.

அடுத்து உட்கார்ந்து டயரைப் பார்த்தார். இந்த வகை 1.5 டர்போக்களில் பெரும்பாலும் 205/55, 16 அங்குல டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1423 என்றால் 2023-ஆம் வருஷத்தின் 14-வது வாரத் தயாரிப்பு. வண்டி 2022 மாடல், மீட்டரில் 21,000 கிலோமீட்டர். முன் இரண்டு டயரும் 2024 தயாரிப்பு, பின் இரண்டும் 2022. இருபத்தோராயிரம் ஓடிய வண்டிக்கு எதற்கு முன் டயர் மாற்றினார்கள்? ஒன்று, மீட்டர் பொய். இல்லை, முன் சக்கரத்தைப் பிய்த்துக் கிளப்பும் கால். பாய் டிஸ்க் விளிம்பில் விரலை ஓட்டினார். நகம் தடுக்கும் அளவுக்கு வரப்பு கட்டியிருந்தது. பிரேக்கைத் தின்றிருக்கிறார்கள். “டாக்டர் தினமும் எமர்ஜென்சிக்கே போயிருக்கார்” என்று எழுந்தார். புரோக்கர் சிரித்துவிட்டார். அந்த வண்டியை நாங்கள் ஓட்டிப் பார்க்கவே இல்லை.

டயர், டிஸ்க் இரண்டும் தப்பித்தால் அடுத்தது கணினி. டர்போ வண்டியை ரீமேப் செய்வது இன்று சிறிய கடை வேலை. மென்பொருளை மாற்றி முப்பது, நாற்பது குதிரை கூட்டிக்கொள்வார்கள். ஓட்ட ஜோராக இருக்கும். கிளட்சும் கியர்பாக்ஸும் அதைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. விற்கும் முன் பழைய மென்பொருளை ஏற்றிவிடுவார்கள். ஆனால் எத்தனை முறை மென்பொருள் மாற்றப்பட்டது என்ற கணக்கு பல வண்டிகளின் கணினியில் தங்கிவிடும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்யச் சொல்லலாம். ஏர் ஃபில்டர் பெட்டி மாறியிருந்தாலோ, சைலன்சரில் புது வெல்டிங் தெரிந்தாலோ ஸ்கேன்கூட வேண்டாம்.

ஆட்டோமேட்டிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த 1.5 டர்போக்களில் வருவது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். நெடுஞ்சாலையில் அற்புதம். ஆனால் இவற்றின் கிளட்ச் ஆயிலில் குளிக்காத உலர் வகை. வடபழனி சாயங்கால நெரிசலில் அரை அடி நகர்ந்து நின்று, அரை அடி நகர்ந்து நின்றால் சூடேறிக்கொண்டே போகும். மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி, மெல்ல விட்டுப் பாருங்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதறினால், வாரண்டி இல்லாத அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். ரிப்பேர் லட்சத்தில் பேசும்.

இன்னொரு சங்கதி, நம் மாநிலத்துக்கே உரியது. இந்த 1.5 டர்போ செடான்கள் வந்தது 2022, 23-ல். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் சென்னையில் பல பகுதிகள் மூழ்கின. அதே மாதம் நடுவில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். அதாவது, இன்றைக்கு நீங்கள் தேடுகிற வயதுள்ள வண்டிகளில் பல அந்த டிசம்பரில் எங்கோ ஒரு தெருவில் நின்றிருந்தவை. மூழ்கிய வண்டியைக் கழுவி, சீட் கவர் மாற்றி, வாசனை அடித்து நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியாது. சீட் பெல்ட்டை முழுசாகக் கடைசிவரை இழுங்கள். சுருளின் அடி முனையில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டைப் பின்னால் தள்ளி, தண்டவாளத்தில் துருவைப் பாருங்கள். டிக்கியில் மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்து, அந்தக் குழியின் மூலையில் விரலை விடுங்கள். வண்டல் ஒட்டினால் பேச்சே வேண்டாம். பாலிசி நம்பரை வைத்து இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் விவரமும் விசாரிக்கலாம். டோட்டல் லாஸ் என்று ஏலத்துக்குப் போன வண்டிகள் ஆர்சி புக்கோடு திரும்பி வருவது உண்டு.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிவம் 29, 30 இரண்டும் கையெழுத்தோடு வேண்டும். லோன் வண்டியென்றால் வங்கி என்.ஓ.சி., படிவம் 35 கொடுத்து ஹெச்.பி. எனும் கடன் பதிவு கேன்சல் ஆகியிருக்க வேண்டும். நிலுவை அபராதங்களை பரிவாகன் தளத்தில் பாருங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், பிரீமியம் ஏறும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவேட்டில் இருப்பவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. பழைய காரை விற்கப் போகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பில் இந்தக் கூட்டம் தேறிவிட்டது. விர்டஸ், ஸ்லாவியா, வெர்னா மூன்றுக்கும் குளோபல் என்கேப் சோதனையில் 2023-ல் ஐந்து நட்சத்திரம். ஆனால் பழசில் வேரியன்ட் முக்கியம். 2022 ஸ்லாவியா, விர்டஸின் கீழ் வேரியன்ட்களில் இரண்டே ஏர்பேக். வெர்னாவில் 2023-லிருந்து எல்லாவற்றிலும் ஆறு. வெர்னா டர்போவில் பின் சக்கரத்துக்கும் டிஸ்க் உண்டு. மற்ற இரண்டிலும் வந்த புதிதில் 150 குதிரை கொடுத்துவிட்டுப் பின்னால் டிரம்மோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் கஞ்சத்தனம் எனக்குப் புரிந்ததே இல்லை. பெட்ரோல் இப்போது 20 சதவீத எத்தனாலோடு வருகிறது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய தயாரிப்பென்றால் அதற்கு ஏற்றதா என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவை வாசகருக்கு. வண்டியை நீங்கள் மட்டும்தான் ஓட்டுவீர்கள், மாதம் இரண்டு முறையாவது ஊருக்கு நெடுஞ்சாலையில் போவீர்கள் என்றால், மூன்று வயதுக்குட்பட்ட, தமிழ்நாட்டுப் பதிவுள்ள, ஒரே ஓனர் வைத்திருந்த 1.5 டர்போ மேனுவல். ரீமேப் செய்யாதது, கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக உள்ளது. ஆறு மாதம் தேட வேண்டியிருந்தாலும் தேடுங்கள். வீட்டில் இன்னொருவரும் ஓட்டுவார், ஊருக்குள் ஓட்டம்தான் அதிகம், ஆட்டோமேட்டிக் கட்டாயம் என்றால், பழைய இரட்டை கிளட்ச் பக்கம் போகாதீர்கள். விர்டஸ், ஸ்லாவியாவின் ஒரு லிட்டரில் வருவது டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக், 115 பி.எஸ். நம் சாலைகளுக்குத் தாராளம். கையிலிருக்கும் தொகைக்கு அது புதுசில் எட்டாவிட்டால் வாரண்டி மிச்சமுள்ள ஒரு வருஷ வண்டியாகத் தேடலாம்.

எதுவானாலும் டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவையும் கூட்டிப்போங்கள். பின்சீட்டில் அவரை உட்கார வைத்து, மோசமான ஒரு தெருவில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். செடான் தாழ்வானது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். அவர் கதவைப் பிடிக்காமல் எழுந்து வருகிறாரா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

(அடுத்த வாரம்: பழைய காருக்கு வங்கிக் கடன் – புதுசைவிட வட்டி ஏன் அதிகம்?)