விதைக் கிடங்கில் ஈரம் நீக்கும் யந்திரம்: அதனை இயக்குதலும் பேணுதலும்

விதை நல்லதாக இருந்தாலன்றி மகசூல் நல்லதாக இராது என்பதைக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், களத்திலிருந்து நல்ல விதையாக வீடு வந்து சேர்ந்த நெல், நாற்றங்காலுக்குப் போகும் சமயத்தில் பாதி முளைத்துப் பாதி மடிந்து போவது காவேரிப் பாசனப் பிரதேசத்தில் காணக்கூடாத காட்சியன்று. குறுவை நெல் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் அறுவடையாகிறது. அடுத்த குறுவைக்கு நாற்று விடுவதோ பெரும்பாலும் வைகாசி, ஆனி மாதங்களில்தான். இடையிலுள்ள எட்டு மாதங்களில் முதல் மூன்று மாதங்கள் அடைமழைக் காலமாகும். வெயில் வேண்டியபொழுது வெயிலில்லை; மூட்டையைச் சுற்றியுள்ள காற்றோ நாள் முழுவதும் நீர் கோத்து நிற்கிறது.

முன்னாளில் விதை நெல்லை வைக்கோற் பிரியால் இறுகச் சுற்றிக் கோட்டை கட்டியும், பத்தாயத்திலும் குதிரிலும் இட்டு மேல்வாயைப் பூசியும் வைத்தனர். நன்றாய்க் காய்ந்த விதை வெளிக்காற்றின் ஈரத்தை விரைவில் வாங்காதபடி அவை ஒருவாறு தடுத்தன. இக்காலத்தில் விதை பெரும்பாலும் சாக்கில் கட்டப்பட்டுச் சிமிட்டித் தளமிட்ட அறையில் அடுக்கப்படுகிறது. சாக்கு எவ்வித ஈரத்தையும் தடுக்காது. ஆகவே, விதை உற்பத்தி செய்யும் விவசாயிகளின் சங்கங்களும் விதை வியாபாரிகளும், இடம் விட்டு இடம் உருட்டிச் செல்லத்தக்க ஈரம் நீக்கும் யந்திரங்களை வாங்கத் தொடங்கியுள்ளனர். யந்திரம் நல்லதே. ஆனால் அஃது எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்று அறியாமல் வாங்கினால், ஒரு பருவம் ஓடியபின் அது தூசி படிந்து மூலையிற் கிடக்கும்.

யந்திரம் வேலை செய்யும் விதம்

குளிர்ந்த ஜலம் நிறைந்த செம்பின் புறத்தே முத்து முத்தாக நீர் அரும்புவதை எல்லோரும் கண்டிருப்பர். அந்நீர் செம்பினுள்ளிருந்து கசிந்ததன்று. காற்றிலிருந்த ஆவியே குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராயிற்று. யந்திரத்தினுள் நிகழ்வதும் இதுவே. உள்ளேயுள்ள விசிறி, அறையின் காற்றைத் தூசி வலையின் வழியே இழுத்துக் குளிர்ந்த குழாய்ச் சுருளின்மீது செலுத்துகிறது. அங்கே நீர் சொட்டித் தொட்டியில் விழுகிறது. ஈரம் குறைந்த காற்று பின்னர்ச் சூடான மற்றொரு சுருளைக் கடந்து அறைக்குத் திரும்புகிறது. குளிர்ச்சியையும் சூட்டையும் உண்டாக்குவது கம்ப்ரஸர் என்னும் பாகம். குளிர்சாதனப் பெட்டியிலுள்ளதும் அதுவே. 1902-ம் ஆண்டில் அமெரிக்காவில் புரூக்ளின் நகரத்து அச்சுக்கூடம் ஒன்றில் காகிதம் ஈரத்தால் நீண்டு சுருங்கி வர்ணங்கள் இடம் மாறி விழுந்ததைத் தடுக்க வில்லிஸ் காரியர் என்பவர் அமைத்த ஏற்பாடும் காற்றைக் குளிர்வித்து ஈரத்தை நீக்கும் இம்முறையைத் தழுவியதே.

இங்கே ஒரு கணக்கைக் கவனித்தல் அவசியம். 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையில் ஏறக்குறைய 51 கனமீட்டர் காற்று இருக்கும். உஷ்ணம் 30 டிகிரி சென்டிகிரேடாகவும் ஈரப்பதம் நூற்றுக்கு 85 ஆகவும் இருந்தால், அக்காற்று முழுவதிலும் உள்ள நீர் சுமார் 1,300 கிராமே. அதனை 60 ஆகக் குறைக்க நீக்க வேண்டியது 400 கிராமுக்கும் சற்றுக் குறைவு. அதாவது இரண்டு டம்ளர் ஜலம். ஆனால் அவ்வறையில் நூற்றுக்கு 14 பங்கு ஈரமுள்ள விதை நெல் ஒரு டன் இருந்தால், அதனை 12 பங்குக்குக் கொண்டுவர ஏறக்குறைய 23 கிலோ நீரை வெளியேற்ற வேண்டும். காற்றை உலர்த்துவது சில நிமிஷங்களின் வேலை; விதையை உலர்த்துவதோ பல நாட்களின் வேலை. அன்றியும், அறையின் காற்று முழுவதும் ஒருமுறை வெளிக்காற்றாக மாறினால், நீக்கிய 400 கிராமும் மீண்டும் உள்ளே வந்துவிடுகிறது. ஓட்டின் இடுக்கும் கதவின் அடியிலுள்ள சந்தும் மணிக்கு ஒருமுறை காற்றை மாற்றுமாயின், யந்திரம் நாளொன்றுக்கு 9 லிட்டர் நீரை வெளியேற்றியும் விதைக்கு ஒரு சொட்டு லாபமும் இராது. தொட்டி நிறைவதைக் கண்டு மகிழ்பவர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆதலால், யந்திரத்திற்குச் செலவிடுமுன் அறைக்குச் செலவிட வேண்டும். ஜன்னற் சந்துகளை அடைத்து, கதவின் விளிம்பில் ரப்பர்ப் பட்டை பொருத்தி, ஓட்டுக் கூரையாயின் அடியில் கனத்த பாலிதீன் தாளை இழுத்துக் கட்டுதல் வேண்டும். தரையின் வழியாகவும் ஈரம் ஏறுமாகையால், மூட்டைகளை மரச்சட்டத்தின்மீது, சுவரை விட்டு ஓரடியாவது தள்ளி, வரிசைகளுக்கிடையே காற்றுப் புகும்படி அடுக்குதல் நலம். நெருக்கமாய் அடுக்கிய போரின் நடு மூட்டைக்கு யந்திரத்தின் பயன் வாரக்கணக்கில் எட்டாது.

எவ்வளவு ஈரம் போதும்

விதை தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு சமனாகும் வரையில் ஈரத்தை வாங்கும் அல்லது விடும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 60 ஆக இருந்தால், நெல் நாளடைவில் ஏறக்குறைய 12 பங்கு ஈரத்தில் நிற்கும். 80 ஆக இருந்தால் 14 அல்லது 15 பங்குக்கு ஏறிவிடும். நெல் விதைக்குச் சான்று வழங்கும் விதிகளின்படி இருக்கலாகும் ஈரம் 13 பங்கு. நிலக்கடலைக்கு 9 பங்கு. காற்றின் ஈரம் 65-க்குக் கீழே நிற்குமாயின் கிடங்கில் உண்டாகும் பூசணங்கள் பெரும்பாலும் தலையெடுக்கமாட்டா. எனவே, ஈரக்கட்டுப்பாட்டுத் திருகை 55-ல் வைத்து அறையை 60-க்குள் நிறுத்துவது நெல்லுக்குப் போதுமானது. 40 வரையில் இறக்கிவிட வேண்டுமென்று முயல்வது மின்சாரத்தைப் பாழாக்குவதே.

யந்திரத்தின் முகத்தில் காணும் எண்ணை அப்படியே நம்பலாகாது. அது யந்திரத்தின் வாயிலுள்ள காற்றை அளப்பது. மூட்டைகளின் நடுவிலுள்ள நிலைமை வேறாயிருக்கும். விலை குறைந்த ஈரமானி ஒன்றை வாங்கிப் போரின் நடுவே வைக்க வேண்டும். அதன் கணக்கைச் சோதிக்க எளிய வழியுண்டு. சோற்றுப்பைச் சில துளி நீர்விட்டுக் கூழாகப் பிசைந்து ஒரு சிறு மூடியில் இட்டு, ஈரமானியுடன் கண்ணாடி ஜாடியில் வைத்து இறுக மூடி ஒரு நாள் விட்டால், உள்ளே ஈரப்பதம் 75-ல் நிற்கும். கருவி 80 என்று காட்டினால், அப்பால் அது காட்டுவதில் 5-ஐக் கழித்துக் கொள்ளலாம்.

உஷ்ணத்தைப்பற்றி விற்பனையாளர் சொல்வது குறைவு. இவ்வியந்திரம் அறையைக் குளிர்விப்பதில்லை, சூடேற்றுகிறது. 750 வாட் சக்தி கொள்ளும் யந்திரம் அத்தனையையும் உஷ்ணமாக அறைக்குள்ளேயே விடுகிறது. அதன்மேல், ஒவ்வொரு லிட்டர் ஆவி நீராகும்பொழுதும் சுமார் முக்கால் யூனிட் மின்சாரத்திற்குச் சற்றுக் குறைவான உஷ்ணம் வெளிப்படுகிறது. விதைகளை ஆராய்ந்த ஹாரிங்டன் என்னும் அமெரிக்கர் கூறிய விதிப்படி, விதையின் ஈரம் ஒரு பங்கு குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். உஷ்ணம் 5 டிகிரி சென்டிகிரேடு குறைந்தாலும் இரட்டிக்கும். ஆகையால், ஈரம் இரண்டு பங்கு குறைந்த லாபத்தில் ஒரு பகுதியை 5 டிகிரி சூடு தின்றுவிடும். மழைக்கால இரவுகளிலும் விடியற்காலையிலும் யந்திரத்தை ஓட்டி, நடுப்பகலில் நிறுத்திவிடுதல் உத்தமம். மேலும், பெரும்பாலான யந்திரங்கள் 35 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் இயங்குவதற்காக அமைந்தவையல்ல.

அவருடைய மற்றொரு விதி, பாரன்ஹீட் டிகிரியும் ஈரப்பத எண்ணும் சேர்ந்து 100-க்கு மேற்படலாகாது என்பது. 86 டிகிரி உஷ்ணமும் 55 ஈரமும் சேர்ந்தால் 141 ஆகிறது. ஆகவே, இவ்வியந்திரத்தை மட்டும் நம்பி விதையைப் பல்லாண்டு காக்க எண்ணுவது வீண். எட்டு மாதம் நெல்லைக் காக்க அது உதவும். வெங்காய விதை போன்ற ஆயுள் குறைந்த விதைகளுக்குக் குளிரறையும் வேண்டும்.

இயக்கும் முறை

யந்திரத்தை எப்பொழுதும் நிமிர்த்தியே கொண்டுசெல்ல வேண்டும். வண்டியில் படுத்த நிலையில் வந்திருந்தால், ஒரு நாள் முழுவதும் நிறுத்தி வைத்து, கம்ப்ரஸரின் எண்ணெய் தன் இடத்திற்கு இறங்கிய பின்னரே ஓட்டலாம். காற்றை இழுக்கும் பக்கமும் விடும் பக்கமும் சுவருக்கோ மூட்டைக்கோ ஒன்றரை அடிக்குக் குறையாமல் விலகியிருத்தல் அவசியம். நிறுத்திய யந்திரத்தை உடனே மீண்டும் ஓட்டலாகாது. ஐந்து நிமிஷம் பொறுத்தல் வேண்டும். கிராமங்களில் மின்சாரம் போய்ப் போய் வருவதாலும், அழுத்தம் குறைந்து நிற்பதாலும் கம்ப்ரஸர் எரிந்துபோக இடமுண்டு. தாமதித்து இணைக்கும் அமைப்புள்ள ஸ்டெபிலைஸர் ஒன்று யந்திரத்தோடு வாங்கத்தக்கது. மண்ணிணைப்பு இல்லாத பிளக்கில் இதனைச் செருகுதல் உயிருக்கே ஆபத்தாகும்.

நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று தகட்டில் எழுதியிருந்தால், எந்த உஷ்ணத்தில், எந்த ஈரத்தில் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அது 30 டிகிரியிலும் 80 ஈரத்திலும் கண்ட அளவாயிருக்கும். அறை 60-க்கு இறங்கியபின் அதில் பாதியளவே கிடைக்கும். இது யந்திரத்தின் குற்றமன்று.

தொட்டி நிறைந்தால் மிதவை மேலெழுந்து யந்திரத்தை நிறுத்திவிடும். இரவில் தொட்டி நிறைந்து நின்றுபோனால் காலை வரையில் வேலை வீணாகும். ஆகையால், யந்திரத்தை இரண்டடி உயரப் பலகையின்மீது வைத்து, ரப்பர்க் குழாயை எங்கும் மேடு பள்ளமின்றிச் சரிவாக வெளியே விடுதல் நன்று. குழாய் செல்லும் துவாரத்தைச் சுற்றி அடைத்து, வெளிமுனையில் எலி நுழையாதபடி வலை கட்ட வேண்டும். தொட்டியில் நீரைத் தேக்கி வைத்தால் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அதில் முட்டையிடும். அந்நீர் தெளிவாகத் தோன்றினும் குடிக்கவோ மாட்டுக்கு வைக்கவோ தகாதது. மருந்து கலந்த விதை உள்ள அறையின் தூசி அதில் கலந்திருக்கும்.

பேணுதல்

வீட்டில் ஓடும் யந்திரத்தின் தூசி வலையை மாதம் ஒருமுறை கழுவினால் போதும். நெற்கிடங்கில் உமித்தூசியும் சுணையும் மிகுதியாதலால் வாரந்தோறும் கழுவி, நிழலில் நன்கு உலர்த்திப் பொருத்த வேண்டும். வலை அடைத்துக் கொண்டால் காற்றோட்டம் குறைந்து, சுருளின்மீது பனிக்கட்டி படியும், ஓசை மாறும், நீர் குறையும். பலர் அப்பொழுது மெக்கானிக்கை அழைத்து வாயு நிரப்பச் சொல்கின்றனர். வாயு செலவாகும் பொருளன்று. கசிவில்லாமல் அது குறையாது. கசிவிருந்தால் அதனை அடைக்காமல் நிரப்புவதால் பயனில்லை. முதலில் வலையைக் கழுவிப் பார்த்தல் காசில்லாத சிகிச்சை. புதிய யந்திரங்கள் சிலவற்றில் எரியக்கூடிய புரொப்பேன் வாயு இருப்பதால், பழகாதவர் சுருளைத் துளைத்தலும் பற்றவைத்தலும் கூடாது. பருவத்திற்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து, சுருளின் மெல்லிய தகடுகளை மிருதுவான பிரஷினால் தகட்டின் போக்கிலேயே துடைக்க வேண்டும்.

யந்திரம் வண்டைக் கொல்லாது. வண்டுக்காக அலுமினியம் பாஸ்பைடு இடும் கிடங்குகளில் ஒரு விபரீதம் நேர்வதுண்டு. அம்மருந்திலிருந்து எழும் பாஸ்பீன் வாயு தாமிரத்தை அரிக்கும். யந்திரத்தின் சுருளும் மின்கம்பிகளும் தாமிரமாதலால், யந்திரத்தை உள்ளேயே விட்டுப் புகையிட்டால், சில மாதங்களில் சுருள் துளைபட்டும் கட்டுப்பாட்டுப் பலகை கறுத்தும் போகும். காரணம் விளங்காமல் யந்திரத்தையே குறை கூறுவர். புகையிடுமுன் அதனை வெளியே உருட்டி, அறையை முற்றிலும் காற்றோட்டம் செய்த பின்னரே திரும்பக் கொணர வேண்டும். புகையிடுதலைத் தகுந்த அனுமதி பெற்றவரைக் கொண்டன்றிச் செய்தல் கூடாது. அவ்வாயு மனிதரையும் கொல்லும்.

நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் இவ்வகை யந்திரம் பனி படிந்து நின்று நின்று ஓடும். அங்கே ஸிலிகா ஜெல் பூசிய சக்கரம் சுழலும் வகையே ஏற்றது. அதன் ஈரச் சூட்டுக்காற்றைக் குழாய் வழியாக வெளியே விடாவிட்டால் பயனில்லை.

விதை பத்து மூட்டைக்குக் குறைவாயுள்ளவர் இவ்யந்திரத்தை வாங்க வேண்டியதில்லை. மழை ஓய்ந்த தை, மாசி வெயிலில் விதையை 8 பங்கு ஈரத்திற்குக் காயவைத்து, 700 கேஜ் பாலிதீன் பையில் இட்டு வாயை ஒட்டிவிட்டால் அதுவே போதும். அவ்வளவு காயாத நெல்லை ஒட்டி வைத்தால் புழுங்கிக் கெடும். ஈரத்தை அளக்கும் கருவி கையிலில்லாதவர் உலர்ந்த உப்பையும் நெல்லையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டுக் குலுக்கிப் பார்க்கலாம். உப்புப் புட்டியின் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 பங்குக்கு மேல் என்று கொள்ளலாம். ஒட்டாவிட்டால் 15-க்குக் கீழே என்று மட்டுமே அறியலாம். பையில் அடைக்கும் அளவுக்குக் காய்ந்துவிட்டதென்று அதனால் தீர்மானிக்கக் கூடாது. அதற்கு மாதிரியை விதைப் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும்.

மழைக்காலம் முடிந்து யந்திரத்தை எடுத்து வைக்கும் முன், விசிறியை மட்டும் சில மணி நேரம் ஓடவிட்டுச் சுருளை உலர்த்தி, தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து, எலி கடிக்காதபடி மின்கம்பியைச் சுருட்டி மேலே கட்டி, துணியுறையால் மூடித் தரைக்கு உயரே வைக்க வேண்டும். ஆவணி மாதத்திலேயே ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டால், பழுதிருப்பின் ஐப்பசி மழைக்கு முன் செப்பனிட அவகாசம் கிடைக்கும்.