'ஓப்பன்' என்னும் சொல்லும் தமிழ் வினைகளும்

ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் 'ஓப்பன்' என்னும் வினை, கதவு, குடை, பொட்டலம், வங்கிக் கணக்கு ஆகிய அனைத்திற்கும் வேறுபாடின்றிப் பொருந்துகிறது. தமிழிலோ செயப்படுபொருளுக்கேற்ப வினை மாறுகிறது. கதவைத் திறக்கிறோம்; குடையை விரிக்கிறோம்; பொட்டலத்தைப் பிரிக்கிறோம்; கணக்கைத் தொடங்குகிறோம். பெயரடையாக வருமிடத்தும் இந்நிலையே. 'ஓப்பன் சீக்ரெட்' என்பது ஊரறிந்த இரகசியம். 'ஓப்பன் குவெஸ்சன்' என்பது முடிவு காணப்படாத வினா.

மலேசிய, சிங்கப்பூர்ச் சூழலில் இச்சிக்கல் மேலும் விரிவடைகிறது. இங்குள்ள பேச்சு ஆங்கிலத்தில் விளக்கையும் 'ஓப்பன்' செய்வதுண்டு. மலாயின் 'புக்கா', சீனத்தின் 'காய்' ஆகிய வினைகள் கதவைத் திறத்தலையும் விளக்கைப் போடுதலையும் ஒருங்கே உணர்த்துவன. மலாயில் காலணியைக் கழற்றுவதும் 'புக்கா'வே. ஆகவே, மாணவர் ஒருவர் 'விளக்கைத் திற', 'காலணியைத் திற' என எழுதுவாராயின், அதனை வெறும் கவனக்குறைவு எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. அவர் தாம் அறிந்த பிறமொழிச் சொற்களின் பொருட்பரப்பு முழுவதையும் ஒரே தமிழ் வினையின்மீது ஏற்றுகிறார்.

எனினும், 'திற' என்பதன் விரிந்த வழக்குகள் யாவும் பிழையாகா. 'மனம் திறந்து பேசுதல்' தமிழில் நிலைபெற்ற தொடர். தமிழ் முஸ்லிம்களிடையே வழங்கும் 'நோன்பு திறத்தல்' மலாய் வழக்கை ஒத்திருப்பினும், தமிழகத்திலும் இலங்கையிலும் வேரூன்றியதே. எனவே, பிறமொழியோடு ஒத்திருத்தல் ஒன்றே பிழைக்குச் சான்றாகாது. தமிழ் பேசுவோரிடையே அவ்வழக்கு நிலைபெற்றுள்ளதா என்பதே அளவுகோல்.

ஒவ்வொரு பொருளுக்கும் உரிய வினை வேறு என்பதைத் தொல்காப்பியர் நன்கறிந்திருந்தார். வெவ்வேறு வினைகளுக்குரிய பொருள்களை ஒரு பொதுச்சொல்லால் குறிக்கும்போது, அவற்றுள் ஒன்றற்கு மட்டுமே உரிய வினையைக் கூறலாகாது எனக் கிளவியாக்கத்தில் அவர் விதிக்கிறார்.

வகுப்பறையில் 'ஓப்பன் என்றால் திற' எனச் சொல்லுக்குச் சொல் கற்பிப்பது இம்மரபுக்குப் பொருந்தாது. 'முடிச்சை அவிழ்', 'பொட்டலத்தைப் பிரி', 'குடையை விரி' எனப் பெயரையும் வினையையும் இணைத்தே கற்பித்தல் வேண்டும். 'முடிச்சைத் திற' என்று எழுதும் மாணவரின் கருத்து நமக்கு விளங்கிவிடும். ஆயின், விளங்குகிறதே என்று நாம் திருத்தாது விடுவோமாயின், 'அவிழ்', 'பிரி' முதலிய வினைகளை அம்மாணவர் அறியாமலே போய்விடுவார். வீட்டில் தமிழ் குறைந்துவரும் இக்காலத்தில், அவ்வினைகளை அவர் வேறெங்கும் கேட்கும் வாய்ப்பும் அரிது.