முதல் உறைமோர் எங்கிருந்து வந்தது?



பாலில் ஒரு கரண்டி பழைய தயிரை ஊற்றி வைத்தால், விடிந்ததும் சட்டி முழுவதும் தயிராகியிருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து மறுநாளைக்கு உறை ஊற்றுகிறோம். தயிரிலிருந்துதான் தயிர் வருகிறது. உயிரும் அப்படியே. வாழையடியில் வாழைக்கன்று, பசுவுக்குக் கன்று, தாய்க்குப் பிள்ளை. அப்படியானால், உறைமோரே இல்லாத காலத்தில் முதல் உறைமோர் எங்கிருந்து வந்தது? உலகில் முதல் உயிர் எப்படித் தோன்றியது என்று விஞ்ஞானிகள் கேட்பதும் இதே கேள்வியைத்தான்.

பூமி தோன்றி ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஏறக்குறைய 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நுண்ணுயிர்கள் வாழ்ந்ததற்குப் பாறைகளில் தடயம் இருக்கிறது. அதற்கு முன்னால் என்ன நடந்தது?

மூலப்பொருள்களைப் பற்றி ஓரளவு அறிவோம். இலங்கையில் காலி நகரில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று, பின்னர் வேதியியல் அறிஞரானவர் சிரில் பொன்னம்பெரும. 1969-இல் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்னும் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அமெரிக்காவின் நாசா ஆய்வுக்கூடத்தில் அவரும் அவருடைய குழுவினரும் அதைச் சோதித்து, அதில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970-இல் அறிவித்தார்கள். நம் உடலிலுள்ள புரதங்களுக்கு இவைதாம் செங்கற்கள். ஆனால் செங்கல் குவிந்து கிடந்தால் மட்டும் வீடாகிவிடுமா? அவற்றை ஒழுங்காகச் சேர்த்தது எது?

இதைக் கண்ணாடிக் குடுவையில் வைத்துப் பல கோடி ஆண்டுகள் காத்திருந்து பார்க்க முடியாது. ஆகவே சிலர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். அதற்கு உதவுவது கணினி. பாயான் பாருவில் குடியிருப்பவர்களுக்குக் கணினிச் சில்லு புதிதல்ல. பக்கத்திலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் வளர்ந்தன. தோட்டத்தை விட்டு வந்த பல குடும்பங்களின் பிள்ளைகள் இத்தகைய தொழிற்சாலைகளில் வேலை செய்திருக்கிறார்கள்.

பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சஞ்சய் ஜெயின், சந்தீப் கிருஷ்ணா என்னும் இருவர் 1998-இல் அப்படியொரு கணக்கை வெளியிட்டார்கள். கணினிக்குள் ஒரு குட்டையை அவர்கள் கற்பனை செய்தார்கள். அதில் 100 வகைப் பொருள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பொருள் விரைவாகப் பெருக இன்னொரு பொருள் துணை செய்யலாம். அத்தகைய துணைப்பொருளுக்கு வினையூக்கி என்று பெயர். எது எதற்குத் துணை என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயலாக அமைத்தார்கள். வெள்ளம் வரும்போது மிகக் குறைவாக உள்ள பொருள் அடித்துச் செல்லப்படும். அதன் இடத்தில் புதிதாக ஒன்று வந்து சேரும். இதையே கணினி ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்தது.

நெடுநேரம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பிறகு தற்செயலாக ஒரு வளையம் அமைந்தது. முதலாவது இரண்டாவதற்கு உதவும். இரண்டாவது மூன்றாவதற்கு உதவும். மூன்றாவது திரும்ப முதலாவதற்கே உதவும். லயத்தில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு அடுத்த வீட்டார் கைகொடுப்பதும், அந்த உதவி முறைவைத்துச் சுற்றிவருவதும் நமக்குத் தெரியுமல்லவா? அதுபோலத்தான். வளையத்தில் இருந்தவை பெருகின. ஒட்டாமல் நின்றவை ஒவ்வொன்றாகக் கழிந்தன. முடிவில் 100 பொருள்களும் அந்த வளையத்தோடு பிணைந்துவிட்டன.

ஆக, முதல் உறைமோர் ஒரே பொருளாக இருந்திருக்க வேண்டுவதில்லை. தனித்தனியே எதற்கும் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. சேர்ந்தபோது அந்த ஆற்றல் வந்தது. அதே சமயம், முக்கியமான ஒரு பொருள் போய்விட்டால் முழு அமைப்பும் சரிந்துவிடக்கூடும் என்பதையும் அவர்கள் பின்னர் கண்டார்கள். சரிந்த இடத்தில் காலப்போக்கில் புதிய வளையம் தோன்றியது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. எது நடக்கக்கூடும் என்பதைத்தான் கணினி காட்டுகிறது. பழைய பூமியில் அப்படியே நடந்ததா என்பதை வேதியியலார் சோதனையில்தான் காட்ட வேண்டும்.

வீட்டில் பிள்ளைகளோடு இதைச் செய்து பாருங்கள். காகிதத்தில் பத்துப் புள்ளிகள் வையுங்கள். கண்ணை மூடி ஒவ்வொன்றாக அம்புக்குறி போடுங்கள். எத்தனையாவது அம்பில் வளையம் மூடுகிறது என்று எண்ணுங்கள். 350 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய கதையின் ஒரு சிறு பகுதி உங்கள் காகிதத்திலேயே தெரியும்.