மலைப்பகுதியில் கூடாரத்திற்கான இடத்தேர்வு: சமநிலத்தின் தோற்றத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மலையில் கூடாரம் அமைப்போர் சமதளம், நீர், நிழல், பாதை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த இடத்தையே முதலில் நாடுகின்றனர். சரிவே இயல்பாக உள்ள மலையில் சமதளம் தானாக அமைவதில்லை. காட்டாறு, நிலச்சரிவு, பனியாறு முதலியவற்றுள் ஏதேனும் ஒன்று அதனை உருவாக்கியிருக்கும். அவ்வாறு உருவாக்கிய ஆற்றல் ஓய்ந்துவிட்டதா, இன்னும் தொழிற்படுகிறதா என்னும் வினாவே இடத்தேர்வின் மையமாக அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஸ்பெயின் நாட்டின் பியெஸ்காஸ் முகாமில் 1996ஆம் ஆண்டு நிகழ்ந்த பேரழிவு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. பிரான்ஸ், அமர்நாத், அமெரிக்கா ஆகிய இடங்களின் நிகழ்வுகள் துணைச் சான்றுகளாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: இடத்தேர்வு, கூடாரம், காட்டாறு, வண்டல் விசிறி, திடீர் வெள்ளம், உறைபனி, மலையேற்றம்.

1. முன்னுரை

தங்குமிடம் தேர்தல் என்பது தமிழ் மரபுக்குப் புதிய பொருளன்று. திருக்குறள் காலமறிதலை 49ஆம் அதிகாரமாகவும் இடனறிதலை 50ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைக்கிறது. முல்லைப்பாட்டு, காட்டாறு சூழ்ந்த முல்லை நிலத்தில் புதர்களை அழித்து, முள்வேலி இட்டு அமைக்கப்பட்ட பாசறையைக் கார்காலப் பின்னணியில் காட்டுகிறது. அப்பாசறையின் காவல் ஏற்பாடுகள் பகைவரையும் விலங்கையும் கருதியவை. இன்றைய மலையேற்றக் கூடாரத்திற்கு அத்தகைய பகை இல்லை. அதற்கு நேரக்கூடிய பெருந்தீங்கு பெரும்பாலும் அது நிற்கும் நிலத்திலிருந்தும் அந்நிலத்திற்கு மேலுள்ள சரிவிலிருந்துமே வருகிறது.

மலையேற்றக் கையேடுகள் கூடாரத்திற்கான இடத்தைப் பற்றிப் பல விதிகளைத் தருகின்றன: ஆற்றை ஒட்டி அமைக்கலாகாது, பட்ட மரத்தின் கீழ் அமைக்கலாகாது, முகட்டில் அமைக்கலாகாது என்பன அவற்றுட் சில. இவ்விதிகள் சரியானவை. ஆயினும் காரணம் அறியாது மனனம் செய்யப்படும் விதி, களத்தில் எளிதில் கைவிடப்படுகிறது. களைப்புற்ற குழுவின் முன் பசும்புல் படர்ந்த சமதளம் ஒன்று தோன்றும்போது விதி மறக்கப்படுகிறது. எனவே விதிகளுக்கு அடிப்படையான நிலவியல் காரணத்தை விளக்குவது தேவையாகிறது. மாணவர்களைக் கள ஆய்வுக்கும் முகாம்களுக்கும் அழைத்துச் செல்லும் கல்லூரித் துறைகளுக்கு இத்தேவை இன்னும் மிகுதி. அங்கு ஒருவர் செய்யும் தேர்வில் பலருடைய உயிர் அடங்கியுள்ளது.

2. மலையில் சமநிலம் உருவாகும் முறை

மலைச் சரிவுகளில் காணப்படும் சமதளங்களைத் தோற்ற அடிப்படையில் நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, வண்டல் விசிறி. குறுகிய பள்ளத்தாக்கின் வழியே விரைந்து இறங்கும் காட்டாறு, அகன்ற சமவெளியை அடைந்தவுடன் வேகம் குறைந்து, தான் சுமந்துவந்த கல்லையும் மணலையும் விசிறி வடிவில் பரப்புகிறது. காலப்போக்கில் அதன் மேல் புல்லும் மரமும் வளர்கின்றன. மலையடிவாரத்தில் கண்ணைக் கவரும் மென்சரிவான நிலங்கள் பல இவ்வகையின.

இரண்டாவது, ஆற்றின் வெள்ளப் படுகை. ஆறு ஓடும் மட்டத்திற்குச் சற்றே மேலாக, இரு கரையிலும் அமைந்த மணல் திட்டுகளும் புல்வெளிகளும் இதனுள் அடங்கும்.

மூன்றாவது, ஆற்றுப் படிநிலம். ஆறு தன் பழைய படுகையை அரித்துக் கீழிறங்கிய பின், பழைய படுகை கரையில் ஒரு படியாக உயர்ந்து நிற்கும். உருவாக்கிய ஆறே கைவிட்டுச் சென்ற நிலம் இது.

நான்காவது, மேலிருந்து விழுந்த பொருள்களால் ஆகிய தளம். செங்குத்துப் பாறையின் அடியில் குவிந்த உதிர்கல், பழைய நிலச்சரிவின் மேற்பரப்பு, பனியாறு விட்டுச்சென்ற கற்குவியல்களுக்கு இடைப்பட்ட தரை ஆகியன இதனைச் சாரும்.

இந்நான்கனுள் மூன்றாவது வகை பொதுவாகத் தங்குவதற்கு ஏற்றது. அதன் விளிம்பு அரிப்புக்கு உள்ளாகக்கூடும் என்பதால், விளிம்பிலிருந்து விலகி அமைத்தல் வேண்டும். முதல் இரண்டும் இன்றும் ஆற்றின் உடைமையே. நான்காவது வகையில், மேலுள்ள பாறை இன்னும் உதிர்கிறதா என்பதைப் பொறுத்தே முடிவு செய்தல் இயலும். வேறுபாடு இவ்வாறு தெளிவாக இருந்தும், ஒரு விடுமுறை நாளின் தெளிந்த மாலையில் நான்கும் கண்ணுக்கு ஒரே மாதிரியான புல்தரையாகவே தோன்றுகின்றன. இதுவே சிக்கலின் வேர்.

3. பியெஸ்காஸ், 1996

ஸ்பெயின் நாட்டின் அரகோன் பகுதியில், பிரனீஸ் மலைத்தொடரின் தென்சரிவில் பியெஸ்காஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே அராஸ் என்னும் காட்டாறு மலையிலிருந்து இறங்கி முதன்மை ஆற்றுடன் கலக்கிறது. அராஸின் நீர்ப்பிடிப்புப் பரப்பு ஏறத்தாழ 19 சதுர கிலோமீட்டர் மட்டுமே. ஆண்டின் பெரும்பகுதியில் அது மெல்லிய ஓடையாகவே காணப்படும். அதன் வண்டல் விசிறியின் மேல், உரிய அனுமதியுடன், மரநிழலும் சாலை வசதியும் கொண்ட முகாம் ஒன்று இயங்கிவந்தது.

1996 ஆகஸ்ட் 7ஆம் நாள் மாலை, மேற்பகுதியில் கடும் இடிமழை பெய்தது. சில மணி நேரத்தில் 200 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பொழிந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஏறத்தாழ ஏழு மணியளவில் நீரும் சேறும் பாறைகளும் கலந்த பெருக்கு முகாமை அடித்துச் சென்றது. 87 பேர் உயிரிழந்தனர்.

இந்நிகழ்வில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, அக்காட்டாற்றைக் கட்டுப்படுத்த 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடராகத் தடுப்பணைகள் கட்டப்பட்டிருந்தன. அவற்றின் பின்னால் பல்லாண்டுகளாக வண்டல் தேங்கியிருந்தது. அன்று பெரும்பாலான தடுப்பணைகள் உடைந்தன. தேங்கிய வண்டலும் வெள்ளத்துடன் சேர்ந்து இறங்கியது. பாதுகாப்புக்கென எழுப்பிய கட்டுமானமே பெருக்கின் சுமையைக் கூட்டிற்று.

இரண்டு, விசிறியின் மேல் நீரை ஒழுங்குபடுத்த வெட்டப்பட்ட கால்வாய் அப்பெருக்கைத் தாங்கவில்லை. வண்டல் விசிறியில் ஆற்றுக்கு நிலையான ஒரே தடம் இல்லை. தான் கொணர்ந்த கற்களாலேயே ஒரு தடத்தை அடைத்துக்கொண்டு, ஆறு மற்றொரு பக்கம் திரும்பும். விசிறி என்னும் வடிவமே அவ்வாறு பலமுறை திசை மாறியதால் விளைந்ததுதான். ஆகவே இன்று நீரோட்டம் ஓரமாக இருப்பதைக் கண்டு நடுப்பகுதி பாதுகாப்பானது என முடிவு செய்தல் பொருந்தாது.

மூன்று, அனுமதி பற்றியது. முகாமுக்கு அனுமதி வழங்கும் நிலையிலேயே அரசுப் பொறியாளர் ஒருவர் அவ்விடத்தின் இடரை எழுத்தில் சுட்டிக்காட்டியிருந்தார். அது ஏற்கப்படவில்லை. நீண்ட வழக்கின் பின், 2005ஆம் ஆண்டு ஸ்பெயினின் தேசிய நீதிமன்றம் அரசு நிருவாகங்களே பொறுப்பு எனக் கண்டு, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நிலத்தின் இயல்பு அறியப்படாத ஒன்றாக இருக்கவில்லை. அறிந்தது முடிவில் இடம்பெறவில்லை. அங்குத் தங்கியோர் நிலத்தை ஆராய்ந்து வந்தவர் அல்லர். அனுமதியை நம்பி வந்தவர்கள்.

4. மழை பெய்யும் இடமும் கூடாரம் நிற்கும் இடமும்

பியெஸ்காஸ் தனித்த நிகழ்வன்று. பிரெஞ்சு ஆல்ப்ஸ் பகுதியில் லெ கிரான் போர்னான் என்னும் ஊரில், 1987 ஜூலை 14ஆம் நாள் போர்ன் ஆறு திடீரெனப் பெருகி முகாமுக்குள் புகுந்தது. 23 பேர் மாண்டனர். இத்தகைய நிகழ்வுகளின் பின்னணியில் 1994இல் பிரெஞ்சு அரசு, இடர்ப்பகுதிகளில் அமைந்த முகாம்களுக்குத் தகவல் அளித்தல், எச்சரித்தல், வெளியேற்றுதல் ஆகியன குறித்த விதிமுறைகளை ஆணையாகப் பிறப்பித்தது.

இந்தியாவில் 2022 ஜூலை 8ஆம் நாள் மாலை, அமர்நாத் குகைக்கு அருகே ஓடையை ஒட்டியிருந்த கூடாரங்களையும் உணவுக்கூடங்களையும் வெள்ளம் அடித்துச் சென்றது. பதினைந்துக்கும் குறையாத யாத்திரிகர்கள் உயிரிழந்தனர். அன்று மாலை குகைப் பகுதியில் பதிவான மழை 31 மில்லிமீட்டர் மட்டுமே என இந்திய வானிலைத் துறை அறிவித்தது. மேக வெடிப்பு என்று கொள்வதற்கு ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் அளவு மழை வேண்டும். மேற்சரிவுகளில் பெய்த மழையே வெள்ளத்திற்குக் காரணமாகலாம் என்பது துறையின் கருத்து.

இதிலிருந்து ஓர் அடிப்படை உண்மை பெறப்படுகிறது. கூடாரத்தின் மேல் பெய்யும் மழையைக் கொண்டு வெள்ளத்தை முன்னுணர்தல் இயலாது. கூடாரம் நிற்கும் ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் கருத்தில் கொள்ளப்பட வேண்டும். சிறிய, செங்குத்தான, தாவரம் அற்ற நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழைக்கும் வெள்ளத்திற்கும் இடைப்பட்ட நேரம் மிகக் குறைவு. சில வேளைகளில் அது நிமிடக் கணக்கிலேயே அமையும். தமிழில் ‘காட்டாறு’ என்னும் சொல் இத்தன்மையை உட்கொண்டே வழங்குகிறது. வறண்டு கிடந்து, மழையில் திடீரெனப் பெருகும் ஆற்றையே அச்சொல் குறிக்கும். வறண்ட ஓடைப்படுகையை வெறுந்தரை என எண்ணுவது, அச்சொல்லின் பொருளை மறப்பதற்கு ஒப்பாகும்.

5. நிலம் காட்டும் அடையாளங்கள்

ஒரு சமதளம் எவ்வகையைச் சார்ந்தது என்பதை அறியக் கருவிகள் தேவையில்லை. சில நிமிடம் சுற்றிப் பார்த்தலே போதும்.

பெரிய பாறைகளும் சிறு கற்களும் மண்ணும் வரிசையின்றிக் கலந்து கிடப்பின், சேறும் கல்லும் சேர்ந்த பெருக்கு அவ்வழியே வந்துள்ளது. ஓடையின் இருபுறமும் கற்கள் வரப்புப்போல் குவிந்திருப்பதும் அதற்கே சான்று. மரக்கிளைகளில் சருகும் வைக்கோலும் சிக்கியிருக்கும் உயரமே அண்மை வெள்ளத்தின் உயரம். மரத்தண்டின் மேற்சரிவை நோக்கிய பக்கத்தில் மட்டும் பட்டை உரிந்திருப்பின், கல் விழுதல் அல்லது பெருக்கு நிகழ்ந்துள்ளது. சுற்றிலும் முதிர்ந்த காடு இருக்க, ஒரு பட்டையில் மட்டும் ஒரே வயதுடைய இளமரங்கள் நிற்பின், அங்கிருந்த பழைய மரங்கள் பனிச்சரிவாலோ வெள்ளத்தாலோ அழிந்திருக்கலாம். உதிர்கல்லின் மேல் பாசியும் கற்பாசியும் படர்ந்திருப்பின் அது நெடுங்காலம் அசையாதது. முகம் வெளிறிய புதுக்கற்கள் காணப்படின் சரிவு இன்னும் உயிர்ப்புடன் உள்ளது.

6. சரிவு, குளிர், தீ

வெள்ளத்தை அஞ்சி ஆற்றை விட்டு விலகுவோர் மலைச்சரிவின் அடியை நாடுவர். அங்கும் அதே வினா எழுகிறது. 1959 ஆகஸ்ட் 17ஆம் நாள் இரவு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் மேடிசன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஒரு மலைப்பக்கம் முழுவதும் சரிந்தது. இந்நிலநடுக்கத்தில் உயிரிழந்த 28 பேருள் பெரும்பாலோர் ஆற்றோரத்தில் முகாமிட்டிருந்தவர்கள். பனி படியும் மலைகளில், 30 முதல் 45 பாகை வரை சாய்வுள்ள சரிவுகளிலேயே பனிச்சரிவு மிகுதியாகத் தோன்றுகிறது. கூடாரம் நிற்கும் தரை சமமாக இருப்பினும், அதற்கு மேல் அத்தகைய சரிவு இருப்பின் அது பனிச்சரிவின் பாதைக்குள் அடங்கக்கூடும்.

குளிர் வேறு வகையில் தொழிற்படுகிறது. தெளிந்த, காற்றற்ற இரவில் குளிர்ந்த காற்று எடைமிகுந்து சரிவில் இறங்கித் தாழ்ந்த குழிகளில் தேங்குகிறது. ஆஸ்திரியாவின் குரூன்லோக் என்னும் மலைக்குழி 1,270 மீட்டர் உயரத்திலேயே இருந்தும், 1932இல் அங்கு -52.6 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. நீலகிரியில் உறைபனி உச்சிகளைக் காட்டிலும் பள்ளத்தாக்குத் தரைகளிலேயே மிகுதியாகப் படிவதும் இக்காரணத்தாலேயே. பள்ளத்தின் தரையிலிருந்து சிறிதளவு மேலேறிய மேடை கூடாரத்திற்கு வெப்பமானது. மிகுதியும் மேலேறி முகட்டை அடைந்தால் காற்றும் இடியும் தாக்கும்.

தீ மேல்நோக்கி விரைகிறது. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் உலர்ந்த புல் சரிவில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றக் குழுவினர் 23 பேர் உயிரிழந்தனர். கோடையில் உலர்புல் மூடிய சரிவு தங்கவும் ஏற்றதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்னொன்றும் கருதத்தக்கது. மென்சரிவும் நீரும் உள்ள இடங்களை யானைகளும் விரும்புகின்றன. நன்கு மிதிபட்ட அகன்ற தடம், சாணம், மரங்களில் உரசிய சேறு ஆகியன காணப்படும் சமதளம் யானைகளின் வழி.

7. தேர்வின் வரிசைமுறை

மேற்கண்டவற்றைக் கொண்டு இடத்தேர்வைப் பின்வரும் வரிசையில் செய்யலாம். முதலில் வரைபடத்தில் ஓடைகள் சேரும் இடங்களையும் சமவுயரக் கோடுகள் விசிறியாக விரியும் இடங்களையும் நீக்குதல் வேண்டும். அடுத்து, களத்தில் மேல்நோக்கிப் பார்த்து, கல், பனி, மரம் ஆகியன விழக்கூடிய சரிவுகளை நீக்குதல் வேண்டும். மூன்றாவதாக, நீர்நிலையிலிருந்து விலகுதல் வேண்டும். நீர் மாசுபடாதிருக்க ஏறத்தாழ 60 மீட்டர் தொலைவு பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆயினும் வெள்ளத்திற்குத் தொலைவைவிட உயரமே அளவுகோல். இறுதியாகவே காற்றின் திசை, தரையின் மென்மை, காலை வெயில் முதலிய வசதிகளைக் கருதுதல் வேண்டும். களைப்புற்றோர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, வசதியிலிருந்து தொடங்குகின்றனர்.

இவ்வரிசைக்குக் காலம் தேவை. கோடை மாதங்களில் மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் பெய்கிறது. இருளும் மழையும் சேர்ந்து வரும் வேளையில் நிலத்தை ஆராய்தல் இயலாது. ஆதலால் நண்பகலை அடுத்து இடத்தை அடைவதும், இரவில் விலகிச் செல்வதற்கு மேட்டு வழி ஒன்றைப் பகலிலேயே நடந்து பார்த்துவைப்பதும் தேர்வின் பகுதிகளே. திருக்குறளில் காலமறிதல் இடனறிதலுக்கு முன் நிற்கும் முறை இங்கும் பொருந்துகிறது.

8. முடிவுரை

மலையில் கூடாரத்திற்கான இடத்தேர்வு, நிலத்தின் தோற்ற வரலாற்றை அறியும் செயலாகும். சமதளத்தை ஆக்கிய ஆற்றல் எது, அது ஓய்ந்ததா என்னும் இரு வினாக்களுக்கு விடை கண்டபின், பல விதிகள் தாமே விளங்குகின்றன. பழக்கமான முகாம், வேலியிட்ட முகாம், அனுமதி பெற்ற முகாம் என்பன அவ்வினாக்களுக்கு விடையாகா என்பதை பியெஸ்காஸ் காட்டுகிறது. கல்லூரி முகாம்களுக்கான திட்ட அறிக்கையில் தங்குமிடத்தின் பெயருடன், அந்நிலத்தின் வகையும் அதற்கு மேலுள்ள நீர்ப்பிடிப்புப் பரப்பும் வெளியேறும் வழியும் பதிவு செய்யப்படுமாயின், அறிந்தது முடிவில் இடம்பெறாமற்போகும் நிலை பெரிதும் குறையும்.