வலையை அறுத்தால் அரசு பணம்!
கடல் ஆமைகளைக் காக்கும் மராட்டிய மீனவர்கள்

மீனவனுக்கு வலைதான் சோறு போடுகிறது. அந்த வலையைத் தன் கையாலேயே அறுக்க மனம் வருமா?

மராட்டியக் கடற்கரையில் அறுக்கிறார்கள். அறுத்த வலைக்கு அரசாங்கம் பணம் தருகிறது.

மும்பை சசூன் டாக்கில் விடியற்காலையில் மீன் வாங்கப் போகிறவர்கள் கூடை கூடையாக இறாலையும் வஞ்சிரத்தையும் பார்த்திருப்பார்கள். ஆனால், வலையில் சிக்குவது இவை மட்டும் அல்ல. கடல் ஆமையும், 40 அடிக்கு மேலும் வளரக்கூடிய திமிங்கலச் சுறாவும் கூட மாட்டிக் கொள்கின்றன.

ஆமை தண்ணீருக்கு மேலே வந்துதான் மூச்சு விடும். வலைக்குள் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துப் போகும்.

சிறைத் தண்டனை

இந்த உயிரினங்கள் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் உள்ளவை. வேட்டையாடினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை.

சட்டம் சரி. ஆமையைக் காப்பாற்ற வலையை அறுத்தால் நஷ்டம் யாருக்கு? கடன் பட்டு வலை வாங்கிய மீனவனுக்குத்தான்.

ரூ.25 ஆயிரம்

இதற்காக மராட்டிய அரசின் மீன்வளத்துறையும், வனத்துறையின் அலையாத்திக் காடுகள் பிரிவும் சேர்ந்து 2018-ம் ஆண்டு டிசம்பரில் ஒரு திட்டம் கொண்டு வந்தன. வலையை அறுத்து உயிரினத்தைக் கடலில் விட்டால், சேதத்துக்கு ஏற்ப அதிகபட்சம் ரூ.25 ஆயிரம் கிடைக்கும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் 260 உயிர்கள் தப்பின. இவற்றில் பங்குனி ஆமைகள் 138. பச்சை ஆமைகள் 67. திமிங்கலச் சுறாக்கள் 37. மீனவர்களுக்குக் கொடுக்கப்பட்ட தொகை ரூ.40 லட்சத்துக்கு மேல்.

குஜராத்தில் இதற்கு முன்பே வழி காட்டினார்கள். அங்கே ஒரு காலத்தில் திமிங்கலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காக வேட்டையாடினார்கள். அந்த எண்ணெயைப் படகுக்குப் பூசுவார்கள். 2001-ல் சட்டம் அதைத் தடுத்தது. பிறகு, சுறாவை விடுவிக்க வலையை அறுத்தவர்களுக்கு உதவித் தொகை வந்தது. வேட்டையாடிய கைகளே காப்பாற்றத் தொடங்கின.

ஒரு குறையும் உண்டு. சேதம் ரூ.25 ஆயிரத்தைத் தாண்டினால் மிச்சம் மீனவன் தலையில்தான். பெரிய சுறா புகுந்து புரண்ட வலையை நினைத்துப் பார்த்தால் அந்தக் கஷ்டம் புரியும்.

இன்னொன்றும் முக்கியம். உயிரினத்தை விடுவிப்பதைப் படம் எடுத்து விண்ணப்பத்துடன் கொடுக்க வேண்டும். நடுக்கடலில், ஆடும் படகில், ஒருவர் கத்தியைப் பிடித்தால் இன்னொருவர் கேமராவைப் பிடிக்க வேண்டும். படம் இல்லாவிட்டால் பணம் இல்லை.