எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே, டாக்டர்!

மார்பில் கட்டி தட்டுப்பட்டது எப்போது என்று கேட்டால், "ஆடி மாசம் குளிக்கிறப்போ கையில பட்டுது டாக்டர்" என்கிறார்கள். அதைச் சொல்லும்போது தை பாதி போயிருக்கும். கட்டி தோலைக் கிழித்து வெளியே வந்திருக்கும். அதன்மேல் அரைத்துப் போட்ட பச்சிலை காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அக்குளில் நெறி கட்டியிருக்கும்.

ஏன் இத்தனை மாதம் வரவில்லை என்று கேட்டால் இரண்டு வகைப் பதில் வருகிறது. "எங்க பரம்பரையிலேயே இது யாருக்கும் கிடையாது, அதான் சாதாரணக் கட்டின்னு இருந்துட்டோம்" என்பது ஒன்று. "எங்க அம்மாவும் இதுலதான் போனாங்க. தலையில எழுதுனது வந்துதானே தீரும்" என்பது இன்னொன்று. ஒன்றுக்கொன்று நேரெதிரான இந்த இரண்டு நம்பிக்கைகளும் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும் இடம் ஒன்றுதான், நோய் முற்றிய நிலை. இரண்டுமே தவறு. எவ்வளவு தவறு என்பதை விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கூட்டல் அல்ல, பெருக்கல்

பெற்றோரிடமிருந்து நேரடியாக வந்து சேரும் மரபணுக் கோளாறால் உண்டாகும் புற்றுநோய், மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம்தான். மார்பகப் புற்றோடு வரும் பெண்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் அதற்கு முன் அந்த நோய் யாருக்கும் இருந்ததில்லை. ஆகவே "பரம்பரையில் இல்லை" என்பது பாதுகாப்புக் கவசம் அல்ல.

மீதி 90-95 சதவீதத்தில் மரபணுவுக்கு வேலையே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. நாம் மெல்லுவது, புகைப்பது, குடிப்பது, சுவாசிப்பது, உடம்பில் குடியேறும் கிருமிகள் என்று வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. அந்தச் சமாளிக்கும் திறன் மரபணுவில் இருக்கிறது. இரண்டும் மோதும்போது ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது.

ஜப்பானில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. வயிற்றில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி உள்ளவர்களுக்கு 85 வயதுக்குள் இரைப்பைப் புற்று வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம். அதே கிருமியோடு, மார்பகப் புற்றோடு தொடர்புள்ள பிராக்கா போன்ற மரபணுக்களில் பிறவிக் கோளாறும் சேர்ந்திருந்தால் சுமார் 45 சதவீதம். கிருமி இல்லாதவர்களுக்கு 5 சதவீதத்துக்கும் கீழே. பிறவியில் வந்த கோளாறை மாற்ற முடியாது. கிருமியை மருந்தால் ஒழிக்க முடியும். எழுதியது வந்தே தீரும் என்பவர்கள் இந்த மூன்று எண்களையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

மார்பகப் புற்றிலும் இதே கதைதான். பிராக்கா-1 என்ற மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்பதை 1990இல் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங். பிராக்கா கோளாறு உள்ள யூதக் குடும்பங்களை அவரது குழு ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டது. கோளாறு உள்ள பெண்களில் 1940க்கு முன் பிறந்தவர்களுக்கு 50 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 24 சதவீதம். 1940க்குப் பின் பிறந்தவர்களுக்கு 67 சதவீதம். பாட்டிக்கும் பேத்திக்கும் மரபணு ஒன்றுதான். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கைதான் வேறு. இளம் வயதில் உடலுழைப்போடு, உடல்பருமன் இல்லாமல் இருந்தவர்களுக்கு நோய் தள்ளிப்போனது என்பதையும் அந்த ஆய்வு கண்டது.

நம் ஊரோடு தொடர்புள்ள இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெயில்பட்டுச் சிதையும் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்க முடியாத ஒரு பிறவிக் கோளாறு உண்டு. செரோடெர்மா பிக்மென்டோசம் என்று பெயர். இந்தக் குழந்தைகளுக்கு 20 வயதுக்குள் தோல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 10,000 மடங்கு அதிகம். ஆனால் கைக்குழந்தையாக இருக்கும்போதே கண்டுபிடித்து, வெயில் படாமல் வளர்த்தால் பெரும்பகுதி புற்றைத் தவிர்த்துவிடலாம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் கோளாறு வந்தால்தான் இந்த நோய் வரும். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுகிறது. சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று செய்யும் கல்யாணங்களின் இந்தப் பக்கத்தையும் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டும்.

"எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் வெத்தலை போட்டாரே!"

இதைக் கேட்காத நாளே இல்லை. கன்னத்தில் ஆறாத புண்ணோடு எதிரே உட்கார்ந்திருப்பவரே இதைச் சொல்வார். எந்தப் பக்கம் புகையிலையை ஒதுக்குவீர்கள் என்று கேட்டால் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார். புண்ணும் மிகச் சரியாக அங்கேதான் இருக்கும்.

தாத்தா பிழைத்தது உண்மையாக இருக்கலாம். புகையிலை நஞ்சைச் செயலிழக்கச் செய்யும் நொதிகள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. நாட்-2 என்ற மரபணுவைப் பாருங்கள். அது யாருக்கு மெதுவாக வேலை செய்கிறதோ அவர்கள் புகைபிடித்தால், சிறுநீர்ப்பைப் புற்று வரும் வாய்ப்பு மற்ற புகைப்பவர்களைவிடக் கூடுதல். இந்தியர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த மெதுவான வகைதான். தாத்தாவின் மரபணுக்களில் கால் பங்குதான் பேரனுக்கு வருகிறது. தாத்தாவைக் காப்பாற்றிய பங்கு உங்களுக்கு வந்திருக்கிறதா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதோடு, தாத்தாவோடு சேர்ந்து வெற்றிலை போட்டு ஐம்பதிலேயே போய்ச் சேர்ந்தவர்களை வீட்டில் யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

"நான் புகையிலை சேர்க்கறதில்ல, வெறும் பாக்குதான்" என்பதும் தப்பிக்கும் வழியல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும், வெறும் கொட்டைப்பாக்கையுமே புற்று உண்டாக்கும் பொருள்கள் என்று 2004இல் முதல் பிரிவில் வைத்துவிட்டது. பொட்டலப் பாக்கு மெல்லும் பையன்களை வாயைத் திறக்கச் சொல்கிறேன். மூன்று விரல்களைச் செங்குத்தாக நுழைக்கும் அளவுக்கு வாய் திறக்க வேண்டும். இரண்டு விரல் நுழையவே திணறுகிறார்கள். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, கயிறு கயிறாக இறுகிக் கிடக்கிறது. காரம் பட்டால் எரிகிறது என்று தயிர்ச் சாதத்துக்கு மாறியிருப்பார்களே தவிர, பாக்கை விட்டிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை இருக்கிறது. பள்ளிக்கூடப் பையனின் சட்டைப்பையில் அது இன்னும் இருக்கிறது என்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

"அப்பா வழியில வராதுல்ல?"

வரும். மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று என்றால் தாய் வழியை மட்டும் விசாரிக்கும் வழக்கம் படித்தவர்களிடமும் இருக்கிறது. பிராக்கா கோளாறு அப்பாவிடமிருந்தும் வரும், அம்மாவிடமிருந்தும் வரும். இரண்டுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அத்தைக்கு வந்ததும் கணக்கில் சேரும், அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு வந்ததும் சேரும். கோளாறைச் சுமக்கும் ஆணுக்கு எந்த நோயும் வராமலேயே போகலாம். மகளுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

"ரிப்போர்ட்ல ஜீன் கோளாறுன்னு போட்டிருக்கு, பிள்ளைக்கும் வருமா?"

இந்தப் பயம் சமீபத்தில் மிகவும் பெருகிவிட்டது. நுரையீரல் புற்று வந்தவருக்குப் பொருத்தமான மருந்தைத் தேர்ந்தெடுக்க, கட்டியிலிருந்து எடுத்த சதையில் மரபணுச் சோதனை செய்கிறோம். அதில் 'ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் உள்ளது' என்று வந்துவிட்டால் குடும்பமே உடைந்துபோகிறது. மகளுக்குப் பேசி வைத்த சம்பந்தத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்கும் அளவுக்குப் போகிறார்கள்.

அந்த மாற்றம் பெரும்பாலும் பிறவியில் வந்ததல்ல. வாழ்நாளில், அந்தக் கட்டியின் செல்களுக்குள் மட்டும் ஏற்பட்டது. பிள்ளைகளுக்குப் போகாது. பரம்பரைக் கோளாறா என்பதைப் பார்க்க ரத்தத்திலோ உமிழ்நீரிலோ செய்வது வேறு சோதனை. முடிவுத் தாளை வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பி அர்த்தம் கேட்பதற்கு முன், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் தீரும் பயத்தை மாதக்கணக்கில் சுமக்கிறார்கள்.

ஆன்லைனில் பணம் கட்டி வீட்டிலிருந்தே உமிழ்நீரை அனுப்புகிறவர்களும் உண்டு. அவற்றில் சில சோதனைகள், ஆயிரக்கணக்கான மாற்றங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவற்றை மட்டுமே தேடுகின்றன. 'இல்லை' என்று வந்த தாளை நம்பி, கட்டியை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

கல்யாணத்துக்காக மறைக்கிறார்கள்

குடும்ப வரலாறு கேட்கும்போது நான் அதிகம் கேட்கும் சொற்கள் 'ஏதோ கட்டி', 'கர்ப்பப்பைக் கோளாறு', 'வயித்து வலி'. "சித்திக்கு என்ன ஆச்சு?" "கர்ப்பப்பையில ஏதோ பிரச்னைன்னு எடுத்தாங்க, அப்புறம் தவறிட்டாங்க." எந்த ஊரில் எடுத்தார்கள், அதன்பிறகு முடி கொட்டியதா, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்களா என்று ஒவ்வொன்றாகத் துருவினால்தான் அது புற்று என்பது தெரியவரும்.

மறைப்பதற்குக் காரணம் பெண் பிள்ளைகளின் கல்யாணம். "வெளிய தெரிஞ்சா யாரு பொண்ணு எடுப்பாங்க?" என்கிறார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் மறைப்பது மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து மட்டுமா? அந்தப் பெண்ணிடமிருந்தும்தானே மறைக்கிறீர்கள்? தன் சித்தி நாற்பது வயதில் சினைப்பைப் புற்றில் இறந்தார் என்பது தெரிந்திருந்தால் முப்பது வயதிலேயே அவள் பரிசோதனையைத் தொடங்கியிருப்பாள். தெரியாததால் வயிற்றில் நீர் கோத்த பிறகு வருகிறாள்.

ஐம்பது வயதுக்கு முன் மார்பகப் புற்றோ குடல் புற்றோ வந்தவர் குடும்பத்தில் இருக்கிறாரா? ஒரே வழியில் இரண்டு, மூன்று பேருக்கு வந்திருக்கிறதா? ஆணுக்கு மார்பகப் புற்று வந்ததா? யாருக்காவது சினைப்பைப் புற்று வந்ததா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பத்து, பழச்சாறு, கேஸ் மாத்திரை

இதைப் பொறுமையாக எழுத எனக்கு வரவில்லை. மார்புக் கட்டிக்குப் பத்துப் போட்டுக் கரைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளும் ஆறு மாதம், இரண்டாம் நிலையை நான்காம் நிலையாக்கப் போதுமானது. வாய்ப்புண்ணுக்கு 'சூட்டுப் புண்' என்று மணத்தக்காளிக் கீரை தின்பதில் தவறில்லை. மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண்ணுக்குக் கீரையை மட்டுமே நம்புவதுதான் தவறு.

முள் சீத்தாப்பழம் கீமோவைவிடப் பல மடங்கு வலிமையானது என்று சுற்றும் செய்தியை நம்பி, அதன் இலையைக் கொதிக்கவைத்துத் தினமும் குடிக்கிறார்கள். புற்று வந்த மனிதர்களை அது குணப்படுத்தியதற்குச் சான்று கிடையாது. கரீபியன் தீவான குவாடலூப்பில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் அதிகம் சாப்பிட்டவர்களிடம் நடுக்கமும் உடல் இறுக்கமும் கொண்ட ஒருவகை நரம்பு நோய் கூடுதலாக இருந்ததை மருத்துவர்கள் 1999இலேயே எழுதிவிட்டார்கள். 'வைட்டமின் பி17' என்று விற்கும் ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பு உடம்புக்குள் போய் சயனைடாக மாறுகிறது. அது வைட்டமினே அல்ல.

மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது இன்னொரு கொடுமை. மாத்திரை வலியை அமுக்கும், இரைப்பைப் புற்று உள்ளே வளர்ந்துகொண்டே போகும். மேலே சொன்ன கிருமிச் செய்தியைப் படித்துவிட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்ளவும் புறப்படாதீர்கள். கிருமி இருக்கிறதா என்று பார்த்து, சரியான மருந்துகளைச் சேர்த்து, சரியான நாள்கள் கொடுக்க வேண்டிய சிகிச்சை அது.

"ஊசி குத்தி சதை எடுத்தா பரவிடும்" என்று ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். நோயைப் பரவவிடுவது, அந்தச் சோதனைக்குப் பயந்து வீட்டில் கழித்த மாதங்கள்தான்.

பரிசோதனை

நோய் முற்றும் முன்பே பிடிக்க இருக்கும் சோதனைகள் இவை: வாயைப் பார்த்தல், மார்பகப் பரிசோதனை, தேவைப்பட்டால் மேமோகிராம், கர்ப்பப்பைவாய்ச் சோதனை, ஐயமுள்ள குடும்பங்களுக்கு ஆலோசனையோடு மரபணுச் சோதனை.

தயவுசெய்து

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு, செவிலியர்கள் ஒரே ஒரு முறை கர்ப்பப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். மாற்றம் தெரிந்தவர்களுக்குச் சிகிச்சை தரப்பட்டது. அந்தப் புற்றால் நேரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் ஆய்வு முடிவு வந்தது. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பெண்கள் வந்தார்கள், அவ்வளவுதான். அதே சோதனை இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. செவிலியர் கூப்பிட்டும் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று திரும்பிப் போகிறார்கள் அம்மாக்கள். போகாதீர்கள் அம்மா, பத்து நிமிடம் இருந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒன்பது வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் இருக்கும் மகளுக்கு, கர்ப்பப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடுங்கள். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் மஞ்சள்காமாலை-பி தடுப்பூசி போட்டார்களா என்று கேளுங்கள், கல்லீரல் புற்றைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. குடும்பத்தில் புற்று இருக்கிறது என்றால் புகையிலை, பாக்கு, சாராயம் மூன்றும் மற்றவர்களைவிட உங்களுக்கு இன்னும் ஆபத்தானவை. அண்ணன்மாரே, தம்பிமாரே, காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், இன்றைக்கே விடுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே, அம்மா வழியிலும் அப்பா வழியிலும் யார் யார் எந்த நோயில், எத்தனை வயதில் போனார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவரைப் பார்க்க வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள். கட்டி கையில் தட்டுப்பட்டால் நல்ல நாள் பார்க்க வேண்டாம், அந்த வாரமே வாருங்கள்.