பாலம் கட்டியவர்கள் ஒப்புக்கொள்ளாத நாவல்!

பாலத்தைக் கட்டியவர்கள் யுத்தக் கைதிகள். கட்டச் சொன்னவர்கள் ஜப்பானியர். இதை வைத்து பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952-ல் "க்வாய் நதிப் பாலம்" என்ற நாவலை எழுதினார். பல மொழிகளில் அதைப் படித்தவர்கள் "பேஷ்!" என்றார்கள். ஆனால் அந்த ரயில் பாதையில் உண்மையாகவே மண் சுமந்து, மரம் அறுத்து, எலும்பும் தோலுமாய் ஊர் திரும்பியவர்களில் பலர் முகத்தைச் சுளித்தார்கள். ஏன்?

கதை இதுதான். கர்னல் நிக்கல்ஸன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தம் பட்டாளத்தோடு சிறைப்படுகிறார். அதிகாரிகளும் கூலி வேலை செய்ய வேண்டும் என்கிறான் முகாம் தலைவன் ஸைட்டோ. சர்வதேசச் சட்டம் இடம் கொடுக்காது என்கிறார் கர்னல். அடி, பட்டினி, தனிக் கொட்டடி எதற்கும் அவர் மசியவில்லை. கடைசியில் ஸைட்டோதான் இறங்கி வருகிறான். இதுவரை வாசகர் எல்லோரும் கர்னலின் கட்சி. அப்புறம்தான் வினை! வெள்ளைக்காரன் வேலை எப்படியிருக்கும் பார் என்று காட்டுவதற்காக, எதிரிக்கே முதல் தரமான பாலம் ஒன்றைக் கட்டிக்கொடுக்கக் கிளம்பிவிடுகிறார். அதைத் தகர்க்க அவருடைய நாட்டு வீரர்களே வந்து நிற்கும்போது, கர்னல் பாலத்தின் பக்கம்!

கல்லூரி நாட்களில் இதைப் படித்தபோது, அந்தப் பாலத்துக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நானும் ஒரு கணம் தவித்தேன். பூலின் சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. 1957-ல் டேவிட் லீன் இலங்கையில் கித்துல்கலை என்ற இடத்தில் எடுத்த சினிமாவில் பாலம் தூள் தூளாகிறது. நாவலிலோ ரயில்தான் கவிழ்கிறது. பாலம் அப்படியே நிற்கிறது. என்னைக் கேட்டால், நாவலின் முடிவுதான் நெஞ்சில் தைக்கிறது.

டூஸியின் வீரர்கள்

இனி எதிர்க்கட்சியின் வாதம். தாய்லாந்தில் தாமர்கான் என்ற இடத்து முகாமில் பிரிட்டிஷ் கைதிகளுக்குத் தலைமை வகித்தவர் லெப்டினென்ட் கர்னல் பிலிப் டூஸி. அவர்கள் 1943-ல் அங்கே ஒரு மரப் பாலமும், பக்கத்திலேயே ஓர் இரும்புப் பாலமும் கட்டினார்கள். பாலம் சிறப்பாக அமைய வேண்டும் என்பதல்ல டூஸியின் கவலை. தம் ஆட்களில் எத்தனை பேரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பலாம் என்பதே. அதற்காக அவர் ஜப்பானியரிடம் பேரம் பேசினார், அடியும் வாங்கினார். கைதிகளோ கரையான்களைப் பிடித்து வந்து மரத் தூண்களில் விட்டதாகவும், கான்கிரீட்டை வேண்டுமென்றே கெட்ட கலவையாகக் கலந்ததாகவும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவரை உலகம் நிக்கல்ஸன் என்று நினைத்தால் அவருடைய வீரர்களுக்குப் பொறுக்குமா? அதே பாதையில் கைதியாக உழைத்த எர்னஸ்ட் கார்டன், 1962-ல் வெளியிட்ட தம் நூலில் இந்தக் கதையை மறுத்தார். பாலத்தைத் தாங்கள் பெருமைக்காகக் கட்டவில்லை, துப்பாக்கி முனையில் கட்டினோம் என்பது அவர் கட்சி. டூஸியோ அடக்கமானவர், தமக்காக மன்றாட வெகுகாலம் முன்வரவில்லை. 1975-ல் காலமானார்.

பூல் என்ன சொன்னார்? நிக்கல்ஸன் எந்த ஆங்கிலேயரின் சாயலும் அல்ல. இந்தோசீனாவில் எதிரியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அதிகாரிகளை நினைத்து உருவாக்கிய பாத்திரம் என்றார். நம்பத்தக்க பதில்தான். பூலைச் சிறைப்படுத்தியதும் ஜப்பானியர் அல்ல, விஷி அரசுக்கு விசுவாசமான அவருடைய சொந்த நாட்டாரே. ஆனால் கோபத்தைப் பிரெஞ்சுக்காரர் மேல் வைத்துக்கொண்டு, பழியை ஆங்கிலேயர் தலையில் இறக்கியது என்ன நியாயம்? கற்பனை நாட்டில் கற்பனை நதி மேல் பாலம் கட்டியிருந்தால் யார் ஆட்சேபித்திருப்பார்கள்!

நதியைப் பற்றிய வேடிக்கை ஒன்று உண்டு. தாமர்கான் பாலம் க்வாய் நதியின் மேல் இல்லை. மேக்ளாங் நதியின் மேல் இருந்தது. படம் பார்த்துவிட்டு வந்த பிரயாணிகள் க்வாய் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்க, தாய்லாந்து அரசு 1960-ல் அந்தப் பகுதி நதிக்கே "க்வாய் யாய்" என்று பெயர் சூட்டிவிட்டது. நாவல் பிழையைத் திருத்தவில்லை, நதி திருத்திக்கொண்டது!

ஜப்பானியருக்கும் மனத்தாங்கல் உண்டு. பாலம் கட்டத் தெரியாதவர்களா எங்கள் இன்ஜினீயர்கள் என்று கேட்டார்கள். தாமர்கானில் உண்மையிலேயே ஒரு ஸைட்டோ இருந்தார். கதையில் வரும் கொடியவர் அல்ல அவர். போர்க் குற்ற விசாரணைக் காலத்தில் அவருக்காகப் பரிந்து பேசியவரே டூஸிதான். பிற்காலத்தில் அவர் இங்கிலாந்து சென்று டூஸியின் கல்லறையில் வணங்கினார். இதை எந்தச் சினிமாவிலும் காட்டவில்லை.

எழுதப்படாத கைதிகள்

சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சயாம் - பர்மா பாதையில் வேலை செய்த நேசநாட்டுக் கைதிகள் 60,000-க்கு மேல். மாண்டவர்கள் 12,000-க்கு மேல். அதே பாதையில் ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சம் பேர் வரை இருந்ததாகவும், 90,000 பேர் வரை மாண்டதாகவும் மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டிக் கூட்டிப் போனார்கள். இலவச சினிமா என்று அழைத்துக் கதவைச் சாத்திப் பிடித்ததும் உண்டு என்பார்கள். 1943-ல் காலரா வந்தபோது அவர்களுக்கு டாக்டர் இல்லை. அவர்களுக்காக வாதாட ஒரு டூஸியும் இல்லை.

யுத்தத்துக்கு முன்னே மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர் பூல். பால் மரம் சீவிய நம்மவரைத் தினந்தோறும் பார்த்தவர். ஆனால் அவருடைய பாலத்தின் கதை வெள்ளைக்கார அதிகாரிகளின் கதையாகவே நின்றுவிட்டது. என் ஆட்சேபம் இதுதான். அந்தக் குறையைப் போக்க மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் "சயாம் மரண ரயில்" என்ற நாவலை எழுத வேண்டியிருந்தது. பூலைப் படித்தவர்கள் அதையும் தேடிப் படிக்கலாம்.

காஞ்சனபுரியில் நேசநாட்டு வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 பேர் வரிசை வரிசையாகத் துயில்கிறார்கள். அநேகமாக ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன முனியனுக்கும் மாரிமுத்துவுக்கும் அந்த வரிசையில் கல் இல்லை.